அத்திவரதரும் அம்மா லேப்டாப்பும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டின் ஆஸ்தி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் பத்திரத்தைக் கேட்க வேண்டியதில்லை. அண்ணாந்து பரணைப் பார்த்தால் போதும். நூல் கோத்துக் கட்டிய ஜக்கார்டு அட்டைகள் எத்தனை கட்டு இருக்கின்றனவோ அத்தனை டிசைன். எங்கள் வீட்டுப் பரணை அட்டைகளே ஆக்கிரமித்துக்கொண்டதால், அம்மாவின் சீர்ப் பாத்திரங்கள் காலம் முழுக்கக் கட்டிலுக்கடியில் குடித்தனம் நடத்தின.

அப்பா கோர்வைக்காரர். உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம் என்று மூன்று நாடா ஓட்டி, சேருமிடம் தெரியாமல் கோத்து நெய்கிறவர். ஆனால் அவருக்குப் பெருமை தறியில் இல்லை, கட்டம் போட்ட கிராஃப் தாளில் இருந்தது. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அதன்மேல் குனிந்து, சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்புவார். யாழிக்கு ஒரு பல் வைக்க ஒரு வாரம் யோசிப்பார். பக்கத்தில் யாராவது வந்து நின்றால் முழங்கையால் தாளை மறைத்துக்கொள்வார். பரீட்சையில் அவர் அப்படி மறைத்து எழுதியதில்லை, எழுதியிருந்தால் எட்டாவதைத் தாண்டியிருப்பார் என்பது எங்கள் பாட்டியின் கணக்கு.

அட்டையின் சங்கதி எளிது. ஒரு அட்டை என்பது ஊடையின் ஒரே ஓட்டம். ஓட்டை இருந்தால் அந்தக் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. உண்டு, இல்லை. ஜக்கார்டு பெட்டிக்குத் தெரிந்த பாஷை இவ்வளவுதான். 240 கொக்கிப் பெட்டியில் 300 அட்டை கோத்து ஏற்றினால் பார்டரில் ஒரு யாழி எழுந்து நிற்கும். தாத்தா காலத்தில் இதுவும் கிடையாது, அடைதான். டிசைன் மொத்தமும் நூல் முடிச்சுகளில் இருக்கும். அதை இழுக்கத் துணைக்கு ஒரு பையன் வேண்டும். பையனுக்குக் காய்ச்சல் என்றால் சேலைக்கும் காய்ச்சல்.

1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு இந்தப் பெட்டியைச் செய்துகாட்டியபோது அவர் நினைப்பில் இருந்தது பட்டு மட்டும்தான். 1839இல் அவர் உருவத்தையே சுமார் 24,000 அட்டை வைத்துப் பட்டில் நெய்தார்கள். அதில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார் லண்டனில் ஒருவர். பெயர் சார்லஸ் பாபேஜ். தன் கணக்குப் பொறிக்கும் இதே மாதிரி அட்டைதான் என்று முடிவு செய்திருந்தவர். 1890இல் அமெரிக்காவின் மக்கள்தொகையையே ஹெர்மன் ஹோலரித் துளைபோட்ட அட்டைகளை வைத்து எண்ணி முடித்தார். அவர் தொடங்கிய கம்பெனி பிற்பாடு ஐபிஎம்மில் போய்ச் சேர்ந்தது. ஆக, கம்ப்யூட்டரின் கொள்ளுப்பாட்டன் எங்கள் வீட்டுப் பரணில்தான் படுத்துக்கிடந்தான். அது தெரியாமல் அவன்மேல் வெங்காயக் கூடையை வைத்திருந்தோம்.

அட்டைக்கு எதிரிகள் மூன்று பேர். ஐப்பசி மழை வந்தால் அட்டை நமுத்துப்போய்க் கொக்கி சிக்கும். கரையானுக்கு அட்டை என்றும் கிராஃப் தாள் என்றும் பேதம் கிடையாது. எலிக்கு அட்டையைவிட, அதைக் கோத்த நூல்மேல் பிரியம். அதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு பூனை இருந்தது. செல்லத்துக்கு வளர்த்ததல்ல, வேலைக்கு வைத்தது. சம்பளம் காலையில் பால், ராத்திரி சோறு. அந்த உத்தியோகம் அதன் பிள்ளை, பேரப்பிள்ளை என்று வாரிசுரிமையாக வந்துகொண்டிருந்தது.

நான்காவது எதிரி மனிதன். அப்பா பயந்தது அவனுக்குத்தான். அட்டை குத்தக் கொடுத்தால் பாதி டிசைனை ஒருவரிடமும் மீதியை வேறு தெருவில் இன்னொருவரிடமும் கொடுப்பார். முழு யாழியைப் பார்க்கும் பாக்கியம் இரண்டு பேருக்குமே வாய்க்காது. அப்படியும் தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் காந்தி ரோட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை கட்டியிருந்த அரக்குச் சேலையைப் பார்த்து அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டார். அவருடைய இரட்டை யாழி. சந்தேகத்துக்கே இடமில்லை. ஏனென்றால் இடது யாழியின் வால் நுனியில் ஒரு புள்ளி அதிகம் இருந்தது. அட்டை குத்தியவர் தவறிக் குத்திய ஓட்டை அது. எங்கள் தறியில் நெய்த ஒவ்வொரு சேலையிலும் இருந்தது. கடைப் பொம்மை கட்டியிருந்ததிலும் இருந்தது.

"டிசைனைத்தான் திருடினான், தப்பையுமா திருடுவான்?" என்று வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். யார் வேலை என்பது விசாரித்ததில் தெரிந்தது. ரெண்டு தெரு தள்ளி இருந்த தறிக்காரர், தூரத்து உறவும்கூட. அன்றிலிருந்து கல்யாணம், காரியம் எதற்கும் போக்குவரத்து இல்லை. சட்டம் எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. விசைத்தறிக்காரன் கைத்தறிக்கென ஒதுக்கியதை நெய்யக் கூடாது என்று 1985இல் ஒரு சட்டம் வந்திருந்தது. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. இரண்டும் ஊரைக் காப்பாற்றுபவை. ஒரு கைத்தறிக்காரன் இன்னொரு கைத்தறிக்காரனின் யாழியை ஓட்டிக்கொண்டு போனால் அவற்றுக்கு அக்கறையில்லை. டிசைனைப் பதிவு செய்திருந்தால் வழக்குப் போடலாம்தான். அதற்கு முதலில் டிசைனை ஆபீசில் காட்ட வேண்டும். முழங்கையால் மறைப்பவர் எங்கே காட்டுவது?

இப்படி நகல் என்றாலே நடுங்கிய வீட்டுக்குள்தான் லேப்டாப் வந்தது.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி, எங்கள் ஊர்க்காரரான அண்ணாவின் பிறந்தநாளன்று, முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதற்கடுத்த ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த என் தங்கைக்கும் ஒன்று கிடைத்தது. ஊரில் அதற்குப் பெயர் அம்மா லேப்டாப். தங்கை கல்யாணமாகிப் போகும்போது, "நகை எனக்கு, பொட்டி அண்ணனுக்கு" என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதில் டிசைன் மென்பொருள் ஏற்றி, அப்பாவின் தாள்களை ஸ்கேன் செய்து, கட்டத்துக்குக் கட்டம் சரிபார்த்து வைத்தேன். அப்போதுதான் ஒரு கணக்குப் புரிந்தது. 240 கொக்கி, 300 அட்டை, ஒவ்வொரு இடத்திலும் உண்டு அல்லது இல்லை. கம்ப்யூட்டரில் அது பத்து கே.பி. கூட வராது. ஒரு ஆள் தோளில் சுமந்து வரும் அட்டைக் கட்டு, வாட்ஸ்அப்பில் சித்தப்பா அனுப்பும் காலை வணக்கம் ரோஜாப்பூவைவிடச் சின்னது! அப்பாவின் ஆயுள் உழைப்பு மொத்தத்தையும் அடைத்த பிறகும் அந்த லேப்டாப், "அவ்வளவுதானா?" என்பது மாதிரி நின்றது.

அப்பாவும் நின்று பார்த்தார். "எலி?" என்றார்.

"எலி கடிக்காதுப்பா."

"கரையான்?"

"அரிக்காது."

"பக்கத்து வீட்டுக்காரன்?"

"பாஸ்வேர்டு போட்டிருக்கேன்."

அந்த மூன்றாவது பதிலில்தான் விழுந்தார். பரண் காலியானது. தாள்களைக் கரையான் ஏற்கெனவே பங்கு போட்டிருந்தது. தறியில் ஏறியிருந்தவை போக மற்ற அட்டைகள் எடைக்குப் போயின. அம்மாவின் சீர்ப் பாத்திரங்கள் பரணேறின. புது நெசவுக்கு வேண்டுமென்றால் பைலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அட்டை குத்தும் மெஷினே பார்த்துக் குத்திக் கொடுத்துவிடும். எலக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்த தறிக்கு அதுகூட வேண்டாம், பென்டிரைவ் போதும். எங்கள் வீட்டில் வேலையிழந்த ஒரே ஜீவன் பூனை. ஆனாலும் அது வீட்டைவிட்டுப் போகவில்லை, ஓய்வூதியத்தில் இருந்தது.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வேகவதியும் தன் பங்குக்குப் பொங்கினாள். மழைக்காலத்தில் குழித்தறிக்காரனுக்கு ஒரு தனி விடுமுறை உண்டு. கால் வைத்து மிதிக்கும் குழிக்குள் தரையிலிருந்தே ஊற்றெடுக்கும். வாளி வைத்து இறைத்தால் விடிவதற்குள் மறுபடி நிறைந்து, தறி தன் கிணற்றின்மேல் தானே உட்கார்ந்திருக்கும். அந்த ராத்திரி, தண்ணீருக்குத் தப்பி ஒரு எலி தறிமேட்டுக்கு ஏறியிருக்கிறது. ஓய்வுபெற்ற எங்கள் பூனைக்குப் பழைய கடமையுணர்ச்சி வந்துவிட்டது. பாய்ந்ததில் எலி தப்பித்தது. ஜன்னல் பலகையில் இருந்த லேப்டாப் தறிக்குழிக்குள் இறங்கியது. தலைமுறை தலைமுறையாக டிசைனைக் காப்பாற்றிய வம்சம் அது.

விடிந்ததும் தெருவே வைத்தியம் சொன்னது. அரிசி டிரம்முக்குள் புதைக்கச் சொன்னார்கள். தலைமுடி உலர்த்தும் மெஷினைக் காட்டச் சொன்னார்கள். ஒரு பெரியவர் அடுப்படியில் பரண்மேல் வைத்தால் மூன்று நாளில் காய்ந்துவிடும் என்றார். அவருக்குப் பரண்மேல் உள்ள நம்பிக்கை மாறவில்லை. அரிசி வெளி ஈரத்தைக்கூட ஒழுங்காக இழுக்காது. உள்ளே போன சேற்றுத் தண்ணீரின் உப்பு செம்புப் பாதைகளை அரிக்கத் தொடங்குவதை அதனால் தடுக்க முடியாது. செய்ய வேண்டியது ஒன்றே: ஆன் செய்யாமல் இருப்பது. உள்ளூர்க் கடை ஒன்றில் திறந்து பார்த்து, "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். புதுசு கடையில் இருக்கிறது. அப்பாவின் யாழி எந்தக் கடையில் இருக்கிறது?

அப்பாதான் அந்த வாரம் முழுக்க ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள இருந்தவரு அப்படியே எழுந்து வந்தாரு. உன் பொட்டி ஒரு ராத்திரி தாங்கல."

அவர் சொன்னது அத்திவரதரை. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் இருக்கும் அத்திமரப் பெருமாள், நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1939, 1979, 2019. அப்பா 1979இல் மீசை அரும்பும் வயதில் பார்த்தார். 2019இல் முட்டிவலியோடு பார்த்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, 48 நாள், முதலில் சயனக் கோலம், பிறகு நின்ற கோலம். ஊரே மூச்சுத்திணறியது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உறவினர்கள் வந்து தறிக்குழி தவிர எல்லா இடத்திலும் படுத்தார்கள். அப்பாவுக்கு அது பக்தி. எனக்கு அந்த வாரம் வேறு விதமாகத் தோன்றியது. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து நன்றாக இருக்கிறாரா என்று பார்க்கிறார்களே! பேக்கப் எடுத்து வைக்கும் ஐடி கம்பெனிகளில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள்?

சென்னை ரிச்சி தெருவில், பஜ்ஜிக் கடைக்கு மேலே, ஏணி மாதிரிப் படியேறிப் போனால் ஒரு சின்ன அறை. அங்கிருந்த பையன் லேப்டாப்பைத் தள்ளிவைத்துவிட்டு ஹார்டு டிஸ்கை மட்டும் எடுத்தான். பழைய சுழலும் டிஸ்க் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. "நல்லவேளை சார், புது எஸ்எஸ்டி இல்ல. அதுல அழிஞ்சா அது தானே உள்ள பெருக்கித் தொடைச்சிடும்." பச்சைப் போர்டில் துரு பூத்திருந்தது. அதே மாடலின் இன்னொரு போர்டைத் தேடியெடுத்தான். அப்படியே மாற்றினால் வேலை செய்யாதாம். ஒவ்வொரு டிஸ்குக்கும் தன் பிறவிக்குணம் ஒரு கடுகளவு சிப்பில் எழுதியிருக்கும். அதைப் பழையதிலிருந்து பெயர்த்துப் புதியதில் ஒட்ட வேண்டும். பெயர்த்தான். ஒட்டினான். டிஸ்க் சுழன்றது. உடனே எந்தப் பைலையும் தொடாமல் முழு டிஸ்கையும் அப்படியே இன்னொன்றுக்குப் படியெடுத்தான். சாகக் கிடப்பவரிடம் கதை கேட்கக் கூடாது, முதலில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது அவன் தொழில் தர்மம்.

படியில் ஒரு சிக்கல். எந்தப் பைல் எங்கே, அதன் பெயர் என்ன என்று எழுதிவைத்திருக்கும் அட்டவணை போய்விட்டது. உடம்பு இருக்கிறது, பெயர் இல்லை. அதற்கும் வழி வைத்திருந்தான். போட்டோரெக் என்றொரு இலவச மென்பொருள். அட்டவணையைச் சட்டை செய்யாமல் டிஸ்கின் முதல் எழுத்திலிருந்து படித்துக்கொண்டே வரும். ஒவ்வொரு வகைப் பைலுக்கும் தொடக்கத்தில் ஒரு மச்சம் இருக்குமாம். எங்கள் டிசைன்கள் பிஎம்பி. 'பி', 'எம்' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அதைக் கண்டால் பிடித்து வெளியே போட்டு, ஒரு 'எஃப்', பிறகு ஒரு நீள எண் என்று கைதிக்குக் கொடுப்பதுபோல் பெயர் கொடுக்கும்.

ஆயிரக்கணக்கில் வந்தன. தங்கையின் கல்லூரி ப்ராஜெக்ட், யாரோ ஏற்றிய பாதிப் படம், அவள் அழித்துவிட்டதாக நினைத்திருந்த செல்ஃபிகள், விண்டோஸின் குட்டிப் பொம்மைகள், நடுநடுவே எங்கள் மயில்களும் அன்னங்களும். பையன் கெட்டிக்காரன். "டிசைன் எத்தினி கொக்கி சார்?" என்று கேட்டு, அகலம் 240 புள்ளி உள்ள படங்களை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தான். கூலி, ஒரு கோர்வைச் சேலைக்கு அப்பா வாங்கும் நெசவுக் கூலியைத் தாண்டியது. நெய்ததைவிட மீட்டதற்குச் செலவு அதிகம் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பெயர் வைக்கும் வேலை அவருக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தார். எனக்கு எல்லாமே கறுப்பு வெள்ளைப் புள்ளிக் கூட்டம். அவர் விரலால் ஒரு வரிசையை எண்ணுவார், உதடு அசையும், பிறகு சொல்வார். "இது மல்லிமொக்கு, உங்க அத்தை கல்யாணத்துக்குப் போட்டது. இது ருத்ராட்சம், மொதல்ல போட்டது. ரெண்டாவது போட்டதுல நடுவுல காம்பு இருக்கும். இது மயில்கண்ணு. இது..." ஒரு படத்தில் நிறுத்தி, "இது என்னுது இல்ல" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒருத்தர்கிட்ட பாத்துப் போட்டது" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் யார் என்று கேட்கவில்லை. முழங்கை மறைத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் வந்தது, இரட்டை யாழி மட்டும் வரவில்லை. அதன்மேல் வேறெதோ எழுதப்பட்டிருந்தது. வலது யாழியின் பாதி முகமும், அதற்குக் கீழே தாறுமாறான புள்ளிகளும்தான் மிச்சம். ரிச்சி தெருப் பையன் போனில், "எழுதின எடத்துமேல எழுதிட்டா பிரம்மாவாலயும் முடியாது சார். வேற எங்கயும் காப்பி இல்லையா?" என்றான்.

இருந்தது. அது எங்கே இருந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

வெளியே போனதைத் திரும்பக் கேட்டுப் போவது காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. 1688 வாக்கில் படையெடுப்புக்குப் பயந்து வரதராஜரின் உற்சவ மூர்த்தியை ரகசியமாக உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆபத்து நீங்கித் திரும்பக் கேட்டால், அங்கிருந்த பாளையக்காரருக்குப் பெருமாளைப் பிரிய மனமில்லை. அத்தான் ஜீயர் என்ற துறவி சொல்லி, தோடர்மால் என்ற தளபதி படையோடு போய்த்தான் 1710இல் பெருமாள் ஊர் திரும்பினார். அதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது. அதே மாதிரி இங்கிருந்து கிளம்பிப்போன அம்மன் பங்காரு காமாட்சி, தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள். வெளியூரில் ஒரு நகல் வைப்பது நல்லதுதான். வைத்திருப்பவர் திருப்பிக் கொடுப்பாரா என்பது வேறு விஷயம்.

எங்களிடம் படை இல்லை. நானும் அப்பாவும் ஒரு சீப்பு பூவம்பழம் வாங்கிக்கொண்டு ரெண்டு தெரு தள்ளிப் போனோம். அவருக்கும் வயதாகியிருந்தது. தறியை நிறுத்திவிட்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டில் லேப்டாப் இல்லை. அண்ணாந்து பார்த்தேன், பரண் நிறைய அட்டைகள் இருந்தன. கீழே ஒரு பூனை.

அப்பா விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "என் டிசைனை உங்களுக்கு எதுக்குத் தரணும்?" என்றார். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. இதற்குள் அவர் பேரன் பரணேறி, கயிற்றை அவிழ்த்து, கட்டைக் கீழே இறக்கிவிட்டான். அப்பா சண்டையை மறந்து தரையில் உட்கார்ந்தார். அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு அட்டையில் நிறுத்தி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். இடது யாழியின் வால் நுனி. அந்த அதிகப்படி ஓட்டை இருந்தது. அதன் வழியாக வெயில் வந்து அப்பாவின் கன்னத்தில் விழுந்தது.

"ஒரு புள்ளி மாத்தலையே நீ" என்றார். இருபத்தைந்து வருஷமாக வசவாகச் சொல்லிவந்த அதே வாக்கியம் நற்சான்றிதழ் மாதிரி ஒலித்தது.

"மாத்துனா யாழி கோணிக்கும்ணே" என்றார் அவர். இருந்தும் இலவசமாகத் தரவில்லை. அட்டை குத்தும் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். எங்கள் யாழியை எங்களுக்கே விற்றதோடு, பூவம்பழம் பழுக்கவில்லை என்றும் குறை சொன்னார்.

இப்போது டிசைன்கள் வேறொரு லேப்டாப்பில் இருக்கின்றன. பென்டிரைவில் ஒரு படி தங்கை வீட்டில், இன்னொன்று மாமா பீரோவில். அரைமனதோடுதான் அப்பா சம்மதித்தார். போன மாதம் இரட்டை யாழியைப் போனிலேயே படமெடுத்துக்கொள்ள அடுத்த தெருப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து கேட்டான். அப்பா என்னைப் பார்த்து, "போட்டோ எதுக்கு, பைலாவே குடு" என்றார். அவன் போன பிறகு தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார்: "ஆனா ஒண்ணு. அவன் வீட்ல பூனை இருக்கான்னு விசாரிச்சியா?"